ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? ஒழுக்கத்தை முன்னே வைத்து நான்கு பள்ளிகளைப் பார்த்தோம்

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இப்போது படிக்கும் பள்ளியில் ஐந்தோடு சரி. ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது என்று பொங்கலிலிருந்தே வீட்டில் இதே பேச்சு. கட்டணம், ஆங்கிலம், வேன் வசதி, ப்ளஸ் டூ ரிசல்ட் என்று எல்லோரும் விசாரிப்பதை நாங்களும் விசாரித்தோம். அதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஏழு வருடம் கழித்து வெளியே வரும்போது இவள் எப்படிப்பட்ட மனுஷியாக இருப்பாள்? பொய் சொல்லக் கூசுவாளா, தப்புச் செய்தால் ஒத்துக்கொள்வாளா, தன்னைவிட எளியவர்களிடம் எப்படிப் பேசுவாள்? இதை மனதில் வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் நான்கு பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தோம். நான்கிலும் “ஒழுக்கத்துக்குத்தான் முதலிடம்” என்றார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு நான்கு இடத்திலும் பொருள் நான்கு விதமாக இருந்தது. இதே முடிவை எடுக்க வேண்டிய சேலத்துப் பெற்றோருக்கு உதவட்டும் என்று பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன். பள்ளிகளின் பெயர் வேண்டாம். இந்த நான்கு வகையும் எந்த ஊரிலும் இருக்கும்.

எந்த அளவுகோலோடு போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. எடைக் கணக்கு என் பொறுப்பு. காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பேன். சாயங்காலம் செய்த உருப்படி, மிச்சக் கம்பி, அரத்தூள் எல்லாம் எடையோடு திரும்பி வர வேண்டும். சேதாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் குறைந்தால் தேட வேண்டியதுதான். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி அந்தக் குப்பையையும் பத்திரமாக எடுத்து வைப்போம். அதிலும் வெள்ளி இருக்கும்.

லீவு நாட்களில் மகள் தாத்தாவோடு பட்டறைக்கு வந்துவிடுவாள். போன தீபாவளி லீவில் என் மாமனார் கூட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்தார். இரண்டாம் நாள் தரைக்கல் இடுக்கிலிருந்து ஒரு சின்னச் சலங்கை முத்தை ஊசியால் நோண்டி எடுத்தாள். எடுத்தவள் கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பத்து வயதுப் பிள்ளை, ஆசை இருக்காதா? நான் கவனிப்பது அவளுக்குத் தெரியாது. அப்புறம் நேராகப் போய்த் தராசுத் தட்டில் வைத்தாள். தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார். “அரை கிராம்கூட வராது கண்ணு” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். பாராட்டு, புத்திமதி எதுவும் இல்லை. மறுநாள் அவளே விளக்குமாறைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

பள்ளியிலும் நான் தேடியது இந்த மாதிரி ஒரு தராசைத்தான். தொலைந்துபோகக்கூடிய ஒன்றைக் குழந்தையை நம்பிக் கொடுக்கிறார்களா, அதைத் திரும்ப வாங்கும்போது நின்று பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்று.

முதலில் போனது என் மாமியாருக்குப் பிடித்த பள்ளி. பண்பாட்டுக் கல்வி என்று சொல்லி நடத்துகிறார்கள். காலையில் வழிபாடு, தினம் ஒரு குறள், ஆத்திசூடி, கொன்றை வேந்தன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நின்று கை கூப்ப வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஐம்பது குறளைத் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். கேட்க நிறைவாக இருந்தது.

மனப்பாடத்தைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் பாட்டி ஐந்து வயதில் எனக்கு ஆத்திசூடியைச் சொல்லி வைத்தார். ‘இயல்வது கரவேல்’ என்றால் என்னவென்று அப்போது தெரியாது. கொரோனா சமயம் பட்டறை மூடிக் கிடந்தபோது எங்களிடம் வேலை செய்த ஒருவர் முன்பணம் கேட்டு வாசலில் வந்து நின்றார். பெட்டியில் பணம் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இரண்டு சொல் நடுவில் வந்து நின்றது. இருபத்தைந்து வருடம் கழித்துப் பொருள் விளங்கியது. சின்ன வயதில் போட்டு வைக்கிற விதை எப்போது முளைக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இது இந்த வகைப் பள்ளியில் மட்டும் கிடைப்பதல்ல. 6 முதல் 12 வரை மாணவர்களுக்குத் திருக்குறளைக் கற்பிக்க வேண்டும் என்று 2016-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு, அரசுப் பாடப்புத்தகத்திலேயே அது இருக்கிறது.

அங்கே எனக்கு மனம் ஒட்டாமல் போனதற்குக் காரணம் வேறு. அலுவலக வாசலில் காத்திருந்தபோது ஒரு அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். என் அம்மா வயது இருக்கும். ஆசிரியர் ஒருவர் அவரைப் பார்த்து “ஏய், இங்க ஈரமா கெடக்கு பாரு” என்று அதட்டிவிட்டுப் போனார். வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று முன்னால் எங்களுக்குக் கை கூப்பிய அதே பிள்ளைகள். அவர்களுக்கு அது தினம் கேட்கிற குரல் என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதைச் சொன்னேன். “ஒருத்தர் செஞ்சதுக்குப் பழசையே குறை சொல்லலாமாம்மா?” என்றார். நியாயமான கேள்விதான். நம் பழைய கல்வி உண்மையில் என்ன சொன்னது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் ஓர் இலக்கண நூல். அதன் தொடக்கத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது என்று தனியாக வகுத்துச் சொல்கிறார். நல்லாசிரியருக்கு அவர் தரும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். நிறைகோல் என்றால் தராசு. எடை போட்டே பிழைக்கிற எனக்கு அந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போக முடியவில்லை. மாணவர் சித்திரத்தில் எழுதிய பாவை மாதிரி அடங்கி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். அதோடு, கேள்வி கேட்பதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும் மாணவரின் கடமை என்றும் சேர்த்தே சொல்கிறார். இன்றைக்கு மரபு என்ற பெயரில் நடத்துகிறவர்கள் பலர் பாவையை மட்டும் எடுத்துக்கொண்டு வினாவை விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிய செய்தி இன்னொன்று. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும், கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வரும், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறது நன்னூல். பாதிக் கல்வி, அடுத்தவருக்குக் கொடுப்பதில் இருக்கிறது! திண்ணைப் பள்ளியில் இது நடைமுறையாகவே இருந்தது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கை பிடித்து மணலில் எழுத வைக்கும். 1789-ல் சென்னையில் அனாதைச் சிறுவர்களுக்கான ஒரு பள்ளியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் முறையைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குக் கற்பித்து, 1797-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்றும் நினைக்க வேண்டாம். 1820-களில் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்க வைத்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540. என் மகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்திருக்காது. இந்த ஊரில் இன்றைக்குப் பள்ளிக்குப் போகும் எத்தனையோ குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்காது. பிரம்படியும் அந்தக் கல்வியின் ஒரு பகுதிதான். இப்போது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. அந்த விஷயத்தில் பழைய நாட்களுக்கு ஏங்க எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவதாகப் பார்த்தது பெரிய சிபிஎஸ்இ பள்ளி. வாரத்துக்கு ஒரு பீரியட் ‘வேல்யூ எஜுகேஷன்’, அதற்குத் தனியாக வழவழப்பான புத்தகம். ‘நாம் எப்போதும் ____ பேச வேண்டும்’ என்று கோடிட்ட இடம் நிரப்பச் சொல்கிறது. ‘உண்மை’ என்று எழுதத் தெரியாத குழந்தை உண்டா? பொய் பேசுகிற பிள்ளையும் அதே விடையைத்தான் எழுதும். 2009-ல் சிபிஎஸ்இ கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறையில் மனப்பான்மைக்கும் விழுமியங்களுக்கும்கூட கிரேடு போட்டார்கள். 2017-ல் அந்த முறையே கைவிடப்பட்டது.

1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். எது சரி என்று சொல்லத் தெரிவதற்கும் சரியாக நடப்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னோர் இடத்தில் ஏமாற்றியது. இடமும் சூழலும் அவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக எழுதி வைத்தார்கள். நூறு வருடம் ஆகப் போகிறது. இன்னும் நாம் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அதே பள்ளியில் நல்ல காட்சி ஒன்றையும் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் உடைந்திருந்தது. வகுப்பு ஆசிரியை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, உடைத்தது யார் என்று கேட்காமல், “இதை எப்படிச் சரி செய்யலாம்?” என்று கேட்டார். பிள்ளைகள் பேசிப் பேசி, உடைத்தவன் தானாகவே கை தூக்கினான். இப்படிப் பழக்குவது வீண் அல்ல என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. உணர்வையும் உறவையும் கையாளக் கற்றுத் தரும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் விவரங்களோடு, 2011-ல் தொகுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் படிப்பிலும் முன்னேற்றம் இருந்தது. படிப்படியாக, பிள்ளைகளே செய்து பழகும் விதத்தில் நடந்த திட்டங்களில்தான் பலன் கூடுதல். ஆகவே இந்த வகைப் பள்ளியில் சேர்க்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வகுப்பு ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எனக்குத் தயக்கம், ஆறாவதுக்கு வரப்போவது அந்த ஆசிரியைதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதில். கட்டணமும் எங்கள் சக்திக்கு மேல்.

மூன்றாவது, மலைமேல். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஏற்காட்டில் நூறு வருடம் தாண்டிய விடுதிப் பள்ளிகள் உண்டு. சில்வர் ஓக் மரமும் காப்பிச் செடியும் மிளகுக் கொடியுமாக இருக்கும் அந்த வழியில் போகும்போதே, இங்கே படித்தால் என்ன என்று ஆசை வந்துவிடும். நாங்கள் பார்த்த பள்ளியில் சின்னப் பிள்ளைகள் தூங்கும் கூடத்தில், படுக்கையை மடித்து வைப்பதிலிருந்து ஷூ அலமாரி வரை பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி, புதிதாக வந்த ஒரு குழந்தைக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டு, “நாளைக்கு நீயே போடணும், சரியா?” என்று சொன்னதைக் கேட்டேன். அவளிடம் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

குருகுலம் என்று நாம் சொல்வதற்கு மிகக் கிட்டே இருப்பது உண்மையில் இந்த மலைப் பள்ளிதான். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கி வாழ்கிறார்கள். ஆசிரியர் கோபப்படுவதையும் மன்னிப்புக் கேட்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒழுக்கம் படிய இதைவிட நல்ல இடம் அமைவது கஷ்டம். ஆனால் பெரியவர்கள் கையில் சின்னவர்களைக் கொடுக்கும் எந்த முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் எல்லாக் காலத்திலும் நல்லவனாக இருந்துவிடவில்லை. “பெரிய பிள்ளைங்க மிரட்டினா சின்னதுங்க யார்கிட்டச் சொல்லும்?” என்று கேட்டேன். கூடத்திலேயே படுக்கும் விடுதி அம்மா இருக்கிறார், ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன் பேசலாம், புகார் வந்தால் இன்னார் விசாரிப்பார் என்று தெளிவாகச் சொன்னார்கள். விடுதியில் சேர்க்க நினைப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பதிலில் மழுப்பல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் எங்கள் உறவுக்காரர் வீட்டில், மாதத்தில் இருபது நாள் அப்பா இருப்பதில்லை, அம்மாவும் வேலைக்குப் போகிறார். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் இந்தப் பள்ளியைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் தாத்தா இருக்கிறார், பட்டறை இருக்கிறது. அந்தத் தராசிலிருந்து அவளைப் பிரித்து மலைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“அப்போ அவ பட்டறையிலயே பாதி நாள் இருக்கட்டுமே” என்றார் மாமனார். அவருக்குப் பேத்தியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் இந்த யோசனை நம் ஊருக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, முதலமைச்சரானதும் 1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மற்ற நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். எடுத்தது சரி. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த கைத்தொழில் வழிக் கல்வியில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலைச் சேர்ந்து கற்கலாம். அப்பன் தொழிலை மகன் கற்க வேண்டும் என்பது வேறு விஷயம், அது பிள்ளையைப் பிறந்த வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடும். என் மகள் தரையைக் கூட்டி முத்தைத் தராசில் வைக்கட்டும். அவள் கொலுசுதான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாமனாரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கப்பா என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாரு” என்றார்.

நான்காவது, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்கான கணக்கு ஆசிரியர் இடம் காலி. கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கப் போதுமான ஆள் இல்லை. ஆங்கிலம் பேசிப் பழக வாய்ப்புக் குறைவு. இதெல்லாம் சின்னக் குறைகள் அல்ல.

மதிய உணவு முடிந்த நேரத்தில் போனோம். வேப்பமரத்தடியில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி ஆறாவது பிள்ளைகள் நால்வருக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலி இடத்தைச் சமாளிக்கத் தலைமை ஆசிரியை செய்த ஏற்பாடாம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று சிலேட்டில் எழுதினாள். பக்கத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண், “அக்கா, அரையே இதைவிடப் பெருசாச்சே?” என்றாள். பெரியவள் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள். “நான் தப்பாச் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி. மறுபடி போடலாம்” என்றாள். முகத்தில் வெட்கம் இருந்தது, ஆனால் குரலில் நடுக்கம் இல்லை. ஆறில் ஐந்து வந்ததும்தான் ஆசிரியை குனிந்து மீண்டும் நோட்டைத் திருத்தத் தொடங்கினார்.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. நன்னூல் சொன்ன அரைப் பங்கு, வினா, விடை, நிறைகோல் எல்லாம் அந்த மரத்தடியில் இருந்தது. நூலகத்துக்கு வரும் புத்தகங்களின் பதிவேட்டையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். ஒரு புத்தகம் தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று பதிவேட்டுப் பொறுப்பில் இருந்த பெண்ணைக் கேட்டேன். “எழுதி வெப்போங்க. யார் எடுத்தாங்கன்னு தேடுவோம். கெடைக்கலன்னா அதையும் எழுதி வெப்போங்க” என்றாள்.

வீட்டுக்காரருக்கு இது மட்டும் போதவில்லை, அவர் கணக்குப் பார்ப்பவர். அவருக்கும் காரணம் கிடைத்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்பதாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இந்த முடிவை ஆறாவதிலேயே எடுத்தாக வேண்டும்.

மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான். குறளை அவரே வீட்டில் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அது பெரிய உதவி. ஆங்கிலத்துக்கு ஏதாவது வழி பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அடுத்த முறை குழு அமைக்கும்போது என் பெயரையும் கொடுக்கப் போகிறேன். கழிப்பறை விஷயத்தை அங்கே பேசிக்கொள்ளலாம்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் ஒருமுறை போய், கணக்கு ஆசிரியர் வந்துவிட்டாரா என்று கேட்க வேண்டும். வராவிட்டாலும் சேர்க்கத்தான் போகிறோம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். “உன் பொண்ணை மட்டும் அனுப்பாதே, அந்த மரத்தடிப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வா” என்றார். பட்டறைத் திண்ணையை அதற்காகக் கழுவி வைத்திருக்கிறேன்.